டிராக்டர் ஓட்டிய அக்கா

போன வாரம் பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொண்டிருந்தேன். உள்ளே என் மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்று! அதற்கு அட்டை, 'சோவியத் நாடு' பத்திரிகையின் தாள். தலையில் துணி கட்டிய ஒரு பெண் டிராக்டர் மேல் உட்கார்ந்து சிரிக்கிறாள். என் வயதுச் சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கும். வழவழவென்று கனமான தாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அதைத்தான் தேடி அலைவோம்.

"யாரும்மா இந்த அக்கா?" என்றாள் பத்தாவது படிக்கும் மகள்.

"ரஷ்யாக்காரி. அங்கே அப்பவே பொம்பளைங்க டிராக்டர் ஓட்டினாங்க. 1963-லேயே வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போயிட்டு வந்தாங்க. பார்லிமெண்டிலே மூணிலே ஒரு பங்கு பெண்கள்" என்று பெருமையாக அளந்தேன்.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் நடந்ததையும் சொல்லத்தானே வேண்டும்? அந்த ஒதுக்கீடு போனதும், ரஷ்யாவில் 1990-ல் நடந்த தேர்தலில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள்கூட ஜெயிக்கவில்லை. ருமேனியாவிலும் அதே கதை. 1991-ல் சோவியத் நாடே கலைந்தது. ஆலைகள் நடத்திய குழந்தைகள் காப்பகங்கள் பல மூடப்பட்டன. ஏராளமான பெண்களுக்கு வேலையும் போயிற்று.

ஏன் அப்படி? ஆசனங்களை மேலே இருந்தவர்கள் எண்ணிக் கொடுத்தார்கள். உண்மையான அதிகாரம் இருந்த கட்சியின் தலைமைக் குழுவிலோ பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்றும் உண்டு. அந்த டிராக்டர் அக்கா பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, கடை வாசலில் வரிசையில் நின்று சாமான் வாங்கி, வீட்டுக்கு வந்து அடுப்பும் பற்ற வைத்தாள். நாற்காலி கொடுத்த நாட்டில், கரண்டியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரஷ்யா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் மதுரையிலேயே பாருங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டப்படி 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் ஜெயித்த லீலாவதி, நெசவாளர் குடும்பத்துப் பெண். கிடைத்த பதவியைச் சும்மா வைத்திருக்கவில்லை. தண்ணீரைக் காசுக்கு விற்றுக் கொண்டிருந்த இடத்தில், மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று போராடினார். 1997 ஏப்ரல் 23-ம் தேதி பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

அப்போது நான் பள்ளிப் படிப்பை முடித்து வீட்டோடு இருந்தேன். செய்தி கேட்டதும் என் அம்மா, "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று அழுதார். அடுத்த நிமிஷமே, "தண்ணிக்காக உசிரை விட்டாளே மகராசி!" என்றும் அழுதார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டில் 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. 2022 மாநகராட்சித் தேர்தலின்போது தெருப் பெண்கள் நான்கு பேர் வந்து, "நீங்க நில்லுங்கக்கா, ரேஷன் கடையிலே தைரியமாப் பேசுறது நீங்கதானே" என்றார்கள்.

"வீட்டை யார் பார்க்கிறது?"

இப்படிக் கேட்டது என் வீட்டுக்காரரோ மாமியாரோ அல்ல. நான்தான்! வந்தவர்கள் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பெண் ஜெயித்த பிறகு கணவர் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறார் என்று கேலி பேசுகிறோமே, அந்த நாற்காலியைக் காலி செய்து கொடுத்ததில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள், "அடுத்த தடவை கேட்டா என்னம்மா சொல்வே?" என்றாள். சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி ப்ளஸ் டூ படிக்கும் பையனைக் கூப்பிட்டு, அரிசி களைந்து குக்கர் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர் அதிகமாகி சாதம் குழைந்து போயிற்று. "பரவாயில்லை, ரசத்துக்கு நல்லாத்தான் இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். மறுநாள் காபி அவர் போட்டார்.

சகோதரிகளே, உங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் என்று அறிவித்தால் ஒரு தடவை போய் உட்காருங்கள். தண்ணீரும் சாக்கடையும் நம்மைவிட யாருக்குத் தெரியும்? சட்டம் கொடுத்த இடத்தை இன்னொரு சட்டம் எடுத்துக்கொள்ளலாம். நாம் போய்ப் பேசிப் பழகிவிட்டால், எழுந்திரு என்று சொல்வது யாருக்கும் அவ்வளவு சுலபமில்லை.

அன்றைக்கு மட்டும் சாதத்தைப் பிள்ளைகள் வடிக்கட்டும். குழைந்தால் குழையட்டும்!