குளிப்பாட்டினால் போதுமா?

சாலையோரம் மனநோயோடு திரிபவரைப் பிடித்துக் குளிப்பாட்டி, சடைமுடியை மழித்து, புதுச்சட்டை மாட்டிவிடும் காணொளிகள் சமூக வலைதளங்களில் நிறையச் சுற்றுகின்றன. செய்பவர்களின் இரக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால், அழுக்கைப் பார்த்து நாம் ஒதுங்கினோம். அவர்கள் அழுக்கைப் பார்த்துக் கழுவினார்கள். உள்ளே இருக்கும் மனிதரை இரு தரப்புமே விசாரிக்கவில்லை. மனச்சிதைவுக்கு மருந்து தொடங்காவிட்டால் சில வாரங்களில் பழைய கோலம் திரும்பிவிடும். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

மும்பையில் மனநல மருத்துவர் பரத் வட்வானியும் மனைவி ஸ்மிதாவும் 1980-களின் இறுதியில், சாக்கடைத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்த இளைஞர் ஒருவரைக் கண்டார்கள். சிகிச்சையில் தேறிய பிறகுதான், அவர் ஆந்திரத்தைச் சேர்ந்த அறிவியல் பட்டதாரி என்பது தெரிந்தது. பட்டம் இல்லாதவராக இருந்தாலும் அந்தச் சிகிச்சைக்கு அவர் உரியவர்தான் என்பது வேறு விஷயம். அங்கிருந்து வளர்ந்த தொண்டுக்காக வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பும் தெருவில் கண்ட ஒரு பெண்ணிடமிருந்து பிறந்ததே. இந்தப் பணியில் "எந்த ஊரம்மா?" என்றால் உடனே பதில் வந்துவிடாது. மருந்து வேலை செய்து, பயம் தெளியும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிறகுதான் ஒரு கோயிலின் பெயரோ ரயில் நிலையமோ நினைவுக்கு வரும்.

கல்லெடுத்து அடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நோய் முற்றிய நிலையில் சிலர் அப்படிச் செய்யக்கூடும். எட்ட நின்று பேசுவதே சரி. ஆனால் தெருவில் இவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம். இவர்களைக் காப்பது அரசின் வேலை என்பதும் உண்மை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 100-ஆவது பிரிவு, இப்படித் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், குடும்பத்தைத் தேடவும் காவல் நிலையத்துக்குக் கடமை விதிக்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால், யாராவது போய்ச் சொன்னால்தானே காவல் நிலையத்துக்குத் தெரியும்? ஒப்படைத்ததோடு கைகழுவுவதும் ஆபத்து: ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் தீக்கு இரையான 28 பேரும் காப்பகத்தில் விடப்பட்டவர்களே. குளிப்பாட்டும் இளைஞர் குழுக்களிடம் வண்டியும் ஆள்பலமும் இருக்கின்றன. அதே வண்டியில் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து, அடுத்த வாரம் கேமரா இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.