தள்ளாடுகிறவர் எல்லாம் குடிகாரர் அல்ல



பேருந்து நிலையத்தில் ஒருவர் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கும் காணொளி நேற்று நம் குழுவில் சுற்றியது. "காலையிலேயே ஏத்திட்டாரு" என்று கீழே கேலி. சிரித்தவர்களில் என்னிடம் அறிவியல் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன்.

சிறுமூளையின் வேலை என்ன? "உடலின் சமநிலையைக் காப்பது" என்று எழுதி மதிப்பெண் வாங்கினீர்களே, தெருவில் மட்டும் ஏன் மறந்துபோகிறது? மது தாக்கும் இடங்களில் சிறுமூளையும் ஒன்று. அதனால்தான் சிறுமூளை பழுதானவரும் குடித்தவர் போலவே நடக்கிறார், நாக்குழறிப் பேசுகிறார். ஒரு சொட்டுகூடத் தொடாதவருக்கும் பக்கவாதத்தால், கட்டியால், பரம்பரை நோயால், சில வலிப்பு மாத்திரைகளின் அளவு கூடிப்போவதால் இந்த நிலை வரலாம்.

நடையை மட்டும் பார்த்து மருத்துவரே முடிவு சொல்வதில்லை. தம் விரலையும் நோயாளியின் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொல்வார். சிறுமூளை பழுதானால் இலக்கை நெருங்க நெருங்க விரல் நடுங்கும், குறி தப்பும். பார்க்கின்சன் நோயிலோ கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம். உள்ளங்கையை வேகமாகப் புரட்டிப் புரட்டித் தட்டச் சொல்வார், தாளம் தப்பும். ஒரு குதிகாலை மறுகாலின் முழங்காலில் வைத்துக் கீழே இழுக்கச் சொல்வார். கோட்டின் மேல் அடிமேல் அடிவைத்து நடக்கச் சொல்வார். கண்விழி துடிக்கிறதா என்றும் பார்ப்பார். முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்து, கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர் இந்தக் குறிகளை 1917இல் விரிவாக எழுதினார். நூறாண்டு கடந்தும் நாம் கேலியிலேயே நிற்கிறோம்.

"வயசாச்சுன்னா அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்களை ஒதுக்குவதும் இதே அலட்சியம்தான். முதுமை என்று முடிவுகட்டும் முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரெனத் தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியாத தள்ளாட்டம் வந்தால், வாய் கோணாவிட்டாலும் கை விழாவிட்டாலும் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மோர் கொடுத்துத் தெளியட்டும் என்று படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும். உடனே 108ஐ அழையுங்கள். அவர் குடித்தே இருந்தாலும் அழையுங்கள். குடித்தவருக்கும் பக்கவாதம் வரும்.