ஒத்திகையை ராத்திரியில வைங்க

மழைக்காலம் நெருங்கினா எங்க பக்கம் பேரிடர் ஒத்திகைன்னு ஒண்ணு நடக்கும். தீயணைப்பு வண்டி வரும். குளத்துல ரப்பர் படகை இறக்குவாங்க. ஒருத்தர் மயங்கின மாதிரி படுப்பார், நாலு பேர் தூக்கிட்டு ஓடுவாங்க. போட்டோ, டீ, பன்னிரண்டு மணிக்குள்ள முடிஞ்சிடும். அந்த வீரர்களை நான் குறை சொல்லல, அவங்க காட்டித் தர்றது உபயோகமானதுதான். ஆனா ஊர்க்காரன் அதுல கரையில நின்னு வேடிக்கை பார்க்கிறவன். அதுதான் எனக்குச் சரியாப் படல.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி. கரண்ட் இல்ல, போன் இல்ல. 1077-னு மாவட்டத்துக்கு ஒரு அவசர நம்பர் இருக்கு, அதைக் கூப்பிடவும் டவர் வேணுமே! விடிஞ்சு பார்த்தா தென்னையும் கம்பமும் ரோட்டுக்குக் குறுக்கே. வெளியில இருந்து ஆள் வர்றதுக்குள்ள அரிவாளையும் கோடாலியையும் வச்சுப் பாதை திறந்தது ஊர் ஆட்கள்தான். அப்படின்னா பயிற்சியும் முதல்ல அவங்களுக்குத்தானே வேணும்?

எங்க ஊர்ல மரம் அறுக்கிற மெஷின் யார் யார்கிட்ட இருக்கு, அதுக்குப் பெட்ரோல் எங்கே இருக்கும், மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ஜெனரேட்டர்ல ஓட்டத் தெரிஞ்சவர் யார், தனியா இருக்கிற கிழவி எத்தனை பேர், மாசமா இருக்கிற பொண்ணு எந்த வீடு? இதெல்லாம் ஆளாளுக்குக் கொஞ்சம் தெரியும். ஒரே இடத்துல எழுதி வச்சது கிடையாது. ஜனங்களைத் தங்க வைக்கிறது பள்ளிக்கூடத்துல. அதோட சாவி இருக்கிறவர் வெளியூர்ல இருந்து வந்து போறவர்!

அப்புறம் மாடு. முகாமுக்கு வாங்கன்னா பாதிப் பேர் வராததுக்குக் காரணம் பயமில்லாததுனால இல்ல, கட்டுத்தறியை விட்டுட்டு வர மனசு இல்லாததுனால. மாட்டை எந்த மேட்டுல ஓட்டி விடணும், கூரைக்கு அடியில கட்டாம எப்போ அவிழ்த்து விடணும்னு முன்னாடியே பேசி வச்சா ஆள் தானா கிளம்பும். படகு காட்டுற ஒத்திகையில மாட்டைப் பத்தி ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல.

இன்னொண்ணு, புயலோட கண் நேரா ஊருக்கு மேல வந்தா காத்து சட்டுனு நின்னுடும். விட்டுடுச்சுன்னு ஓட்டைப் பார்க்க, தோப்பைப் பார்க்க வெளியே வந்துடுவாங்க. கொஞ்ச நேரத்துல எதிர்த் திசையில இருந்து திரும்ப அடிக்கும். பாதி ஒடிஞ்சு நிக்கிற மரம் அப்பதான் தலையில விழும். இதைச் சின்னப் பிள்ளைக்கும் தெரிய வைக்கணும்.

ஒடிசாவைப் பாருங்க. 1999 புயல்ல சுமார் பத்தாயிரம் பேர் போனாங்க. 2013-ல பைலின் வந்தப்போ சாவு அம்பதுக்குள்ள நின்னுச்சு. ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினாங்க. பாதுகாப்புக் கட்டடமும் முன்னெச்சரிக்கையும் பெரிய காரணம், ஆனா கூப்பிட்டதும் எங்கே போகணும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே.

ராத்திரியில வைங்கன்னு சொல்றதுக்குக் காரணம் ரெண்டு. புரட்டாசி, ஐப்பசியில சம்பா நடவு, களையெடுப்பு. பகல்ல கூப்பிட்டா கூலியை விட்டுட்டு யார் வருவா? அடுத்தது, இருட்டுல கரண்டை நிறுத்திட்டு, டார்ச் வெளிச்சத்துல பாட்டியைக் கட்டிலோட தூக்கிட்டு நடந்து பார்த்தாதான் எந்த வாய்க்கால் பாலம் உடைஞ்சிருக்குன்னு தெரியும். கெட்டதை நடிச்சுக் காட்டினா கெட்டது வந்துடும்னு பெரியவங்க சிலர் முணுமுணுப்பாங்க. சாமி கும்பிட்டுட்டே ஆரம்பிப்போம், எனக்கு ஆட்சேபணை இல்ல.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில இதை மனுவா எழுதிக் கொடுக்கப் போறேன். அக்டோபர் 2 கூட்டத்துக்குள்ள ஒரு ராத்திரி ஒத்திகை, வார்டுக்கு ஒரு நோட்டு, கோயில் மைக்குக்குத் தனி பேட்டரி. பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு சாவி, அது உள்ளூர் ஆள் கையில.