மனைப்படமும் பிரஜையின் பொறுப்பும்

வீடு கட்ட விரும்பும் ஏழை எளியவர் காரியாலயப் படிகளில் ஏறி இறங்கிக் களைத்த கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். அத்தொல்லையை ஒழிக்கவென்றே தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கினர். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டை, ஒரு மாடிக்கு மேற்படாமல் கட்டுவோர், விதிகளை அனுசரித்திருப்பதாகத் தாமே உறுதி கூறி, இணையவழியே உடனே அனுமதி பெறலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், உறுதி கூறுபவன் தான் எதற்கு உறுதி கூறுகிறான் என்பதை அறிந்திருக்க வேண்டாமா? அனுமதி எளிதாயிற்று, அதனுடன் பொறுப்பும் அவன் தலைமேல் ஏறிற்று.

இவ்விஷயம் திருப்பத்தூர்வாசிகளுக்கு விசேஷமாக உரியது. 1792-இல் பாராமகால் கம்பெனியார் வசமானபோது, கலெக்டர் அலெக்ஸாந்தர் ரீட் இவ்வூரிலிருந்தே ஆட்சி செலுத்தி, வயல் வயலாக நிலத்தை அளப்பித்தார். ரயத்துவாரி முறை பிறந்தது இவ்வாறே. அன்று அளந்தது வரி வாங்குவதற்காக. அளவு அறிந்தவன் அதிகாரி, அறியாதவன் குடியானவன். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி ஜில்லாவாயிற்று. இன்றோ அளவு அறிய வேண்டியவன் குடிமகனே.

அவன் கையிலுள்ள காகிதங்களைப் பாருங்கள். கிரயப் பத்திரம் சதுர அடி பேசுகிறது, பேரம் சென்டில் நடக்கிறது, பட்டாவில் ஏர், 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளில் மீட்டர்! ஒரு சென்டு 435.6 சதுர அடி. ஒரு மீட்டர் சுமார் 3.28 அடி. இவ்விரண்டு எண்களை மனத்தில் இருத்தினால் பாதி மயக்கம் தீரும்.

முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1,200 சதுர அடி. இரண்டே முக்கால் சென்டு. முன்புறம் 5 அடியும் மற்ற மூன்று புறங்களிலும் மும்மூன்று அடியும் விட நேர்ந்தால், எஞ்சுவது 24-க்கு 32 அடி, அதாவது 768 சதுர அடியே. வாங்கிய நிலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கட்ட உதவாது. விட வேண்டிய இடம் சாலையின் அகலத்தையும் வீட்டின் உயரத்தையும் பொறுத்து மாறும். இதை மனை வாங்கும் முன்பே கணக்கிடாதவன், கடன் வாங்கி அஸ்திவாரம் தோண்டிய பின் வருந்துகிறான்.

முன்புற இடைவெளியைத் தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து அளக்கலாகாது. மனையின் எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். நான்கு பக்க அளவுகள் மட்டும் சரியாயிருந்தால் போதாது. பக்கங்கள் மாறாமலே மனை சாய்சதுரமாகச் சரிந்து பரப்பில் குறையக்கூடும். மூலைக்கு மூலை அளக்க வேண்டும். மேற்சொன்ன மனையில் இரு குறுக்களவும் 50 அடி இருந்தால்தான் அது நேர்மனை. மேலும், ஜவ்வாது, ஏலகிரி அடிவாரச் சரிவுகளில் நாடாவைத் தரையோடு படிய வைத்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். படத்திலிருப்பதோ கிடைமட்ட அளவு.

விதிகள் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். விடும் அந்த மூன்றடி வீணன்று. காற்றும் வெளிச்சமும் புகுவதும், தீப்பற்றினால் மனிதர் ஓடித் தப்புவதும் அவ்வழியே. ஒருவன் அதை அடைத்தால் அண்டை வீட்டான் வீடு இருளும். சண்டை கோர்ட்டுக்கு ஏறும்.

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்வது இது: மனைப்படங்கள் தமிழிலும், அடி, மீட்டர் இரண்டிலும் அமையட்டும். குறுக்களவு குறிக்காத மனைப்படத்தைக் காட்டி எவரும் மனை விற்கலாகாது. நகரசபையிலும் ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் விளக்கத்துடன் ஒரு மாதிரிப் படம் தொங்கட்டும். பள்ளிக்கூடத்தில் பரப்பளவு கற்பிக்கும் ஆசிரியர் தம் ஊர் மனைப்படம் ஒன்றைக் கரும்பலகையில் வரையட்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. அளவு நாடா விலை அதிகமில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை அதைப் பிடித்து நான்கு எல்லையும் நடந்து பாருங்கள். தன் நிலத்தின் அளவைத் தானே படிக்கத் தெரிந்தவனிடம் தரகர் ஜாலம் பலிக்காது.