பாம்பு சாப்பிடலையா? முதல்ல உங்க கையைக் கட்டுங்க சாமி!

முதல்லயே ஒரு விளக்கம் சொல்லிடறேன். பால் பைத்தான்னா பால் குடிக்கிற பாம்பு இல்லை. பயந்துட்டா தலையை நடுவுல ஒளிச்சுக்கிட்டு பந்து மாதிரி சுருண்டுக்கும், அந்த 'பால்'. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவோட சின்ன மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வளர்ந்தா மூணுலேர்ந்து அஞ்சு அடி இருக்கும்.

நாங்க இருக்கிறது டல்லாஸ் பக்கம். 2023 ஆகஸ்ட்ல பையனோட பன்னெண்டாவது பிறந்தநாளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். ஆண் பாம்பு, பேரு உருண்டை. தங்கமணி அதுக்கப்புறம் எங்கிட்ட எத்தனை நாள் பேசலைங்கறது தனிப்பதிவுக்கான மேட்டர். வாரம் ஒரு எலின்னு சமர்த்தா தின்னுக்கிட்டிருந்த உருண்டை, நவம்பர்ல வாயை மூடிச்சு. ஒரு வாரம், ரெண்டு வாரம், அஞ்சு வாரம்... ம்ஹும். எலியைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கும்.

அப்ப கிளம்பினாங்க பாருங்க ஆலோசகர்கள்!

ஊர்லேர்ந்து அம்மா: "ஏம்ப்பா, கொஞ்சம் பால் ஊத்திப் பாரேன்." சரி, அம்மாவுக்குத் தெரிஞ்ச பாம்பெல்லாம் கோயில் புத்துல இருக்கிறதுதான், அவங்களை விட்டுடுவோம். என் கோபம் விவரம் தெரிஞ்சவங்க மேலதான். பத்து வருஷமா பாம்பு வளர்க்கிற ஒரு நண்பர், "உயிரோட ஒரு எலியை ராத்திரி உள்ள விட்டுடு, காலையில இருக்காது"ன்னார். இன்னொருத்தர் இன்னும் ஒரு படி மேல. "வாயைத் திறந்து உள்ள தள்ளு, ரெண்டு தடவை பண்ணினா தானா வழிக்கு வந்துடும்." மூணாவது ஆள் இருக்காரே, அவர் ஞானி. "பசிச்சா தானா திங்கும், விடு."

முதல் ஆள் பேச்சைக் கேட்டேன். புத்தி வேணாம் எனக்கு? காலையில எலி இருந்துச்சு, நல்லா கொழுகொழுன்னு. உருண்டை முதுகுலதான் ரெண்டு இடத்துல கடிச்சுக் குதறியிருந்துச்சு. பசியில்லாத பாம்பு எலியை ஒண்ணும் பண்ணாது. ஆனா பசிச்ச எலி பாம்பைத் திங்கும். இப்படிக் கடிபட்டு செத்த பாம்புகளும் உண்டு. இது பத்து வருஷ அனுபவஸ்தருக்குத் தெரியாதா?

அடுத்து, வெட்கத்தை விட்டுச் சொல்றேன், ரெண்டாவது ஆள் சொன்னதையும் செய்யத் துணிஞ்சேன். பாம்பைக் கையில எடுத்தாச்சு. பையன் குறுக்க வந்து நின்னான். "வேணாம்ப்பா. அது வேணாம்னுதானே சொல்லுது?"

அவ்வளவுதான். நமக்கு இது புதுசா என்ன? இடுப்புல தூக்கி வச்சு, நிலாவைக் காட்டி, பூச்சாண்டியைக் காட்டி, 'ஒரே ஒரு வாய்'னு திணிச்சுத் திணிச்சு வளர்ந்த பரம்பரை நாம. சாப்பிட மாட்டேன்னு ஒரு உயிர் சொன்னா, ஏன்னு கேக்கற பழக்கமே நமக்குக் கிடையாது. வாயைத் திறக்க வைக்கிறது எப்படிங்கறதுதான் நம்ம கேள்வி.

பாம்பு விஷயத்துல இது வெறும் அன்புத்தொல்லை இல்லை மக்களே, கொடுமை. வாயை நெம்பித் திணிச்சா பல்லும் ஈறும் தொண்டையும் கிழியலாம். மிரண்டு போன பாம்பு தின்னதைக் கக்கிடும், அதுல இன்னும் உடம்பு கெடும். உண்மையிலேயே குழாய் வச்சு ஊட்ட வேண்டிய நிலைமைன்னா, அது பாம்பு பார்க்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர் முடிவு பண்ண வேண்டிய விஷயம். சமையலறை மேடையில நாம பண்ற வேலை இல்லை.

கடிபட்ட முதுகோட மருத்துவர்கிட்ட ஓடினோம். காயத்துக்கு மருந்து போட்டுட்டு அந்தம்மா ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. "எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு? கூண்டுல சூடு எவ்வளவு?" நான் திருதிரு. பையன் நோட்டுல எழுதி வச்சிருந்தான், நவம்பர்ல 812 கிராம். அங்க வச்சுப் பார்த்தா 795. எலும்பும் தோலுமா ஆயிடுச்சுன்னு நான் ராத்திரியெல்லாம் புலம்பினேனே, குறைஞ்சது மொத்தமே 17 கிராம்!

மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கிறது இந்த இனத்துக்குச் சாதாரணமாம். குளிர்காலம், அதாவது இணை சேர்ற காலம் வந்துட்டா நிறைய ஆண் பாம்புகள் சாப்பாட்டைத் தொடாது. தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு பால் மாதிரி மங்கும், அப்பவும் தொடாது. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில 62 வயசாவது இருக்கும்னு கணிக்கப்பட்ட ஒரு பால் பைத்தான் 2020-ல முட்டை போட்டுச்சு. அவ்வளவு காலம் வாழக்கூடிய ஜீவனை, அஞ்சு வாரம் சாப்பிடலைன்னு நாம பாடாப் படுத்தறோம்.

அப்ப மூணாவது ஆள், அந்த ஞானி, சொன்னது சரிதானேன்னு கேப்பீங்க. அதுவும் தப்பு! வீட்டுக்கு வந்து சூட்டை அளந்து பார்த்தோம். கண்ணாடியில ஒட்டியிருந்த முள்ளு வச்ச மானி 32 டிகிரின்னு காட்டுது. டிஜிட்டல் மானியைத் தரையில வச்சா 26. வெதுவெதுப்பான பக்கமே 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கணும், குளிர்ந்த பக்கம்தான் 25, 26. உடம்புல சூடு இல்லாம பாம்புக்குச் செரிக்காது. செரிக்காதுன்னு அதுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியலை. மூணு மாசம் இல்லை, மூணு வருஷம் 'விட்டிருந்தாலும்' அந்தக் குளிர் தானா சரியாகியிருக்காது.

இன்னொண்ணு. கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதைன்னு சொல்வோமே, ஆப்பிரிக்காவுல இந்தப் பாம்பும் அப்படித்தான். பகல் முழுக்க கரையான் புத்துலயும் எலி வளையிலயும் உடம்பு நாலு பக்கமும் உரச அடைஞ்சு கிடக்கும். நாங்க அதை நாலு பக்கமும் கண்ணாடி, மேல பளீர்னு லைட்டு, ஒளிய ஒரே ஒரு பெரிய கொட்டாங்கச்சின்னு நடுக்கூடத்துல வச்சிருந்தோம். சாயங்காலமானா பையனோட நண்பர்கள் ஆளுக்கொரு தடவை கழுத்துல மாலை போட்டுப் போட்டோ. நடுத்தெருவுல இலை போட்டு உக்கார வச்சா நீங்க சாப்பிடுவீங்களா?

அப்புறம் செஞ்சது இவ்வளவுதான். மூணு பக்கம் கறுப்புக் காகிதம். உடம்பு இறுக்கமா அடங்கற மாதிரி ரெண்டு மறைவிடம், சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு. சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாம. ரெண்டு வாரம் யாரும் தொடக்கூடாது, நான் உட்பட. அப்புறம் ஒரு ராத்திரி, உறைஞ்ச எலியை முழுசா உருக்கி, வெந்நீர்ல வச்சு உயிருள்ள எலியோட உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து, லைட்டை அணைச்சுட்டு நீளமான இடுக்கியில நீட்டினோம். இந்தப் பாம்புக்கு மேலுதட்டு ஓரத்துல சூட்டை உணர்ற குழிகள் இருக்கு, ஆறின எலி அதுக்குக் கல்லு மாதிரி. அன்னைக்கு வேணாம்னுடுச்சு. எடுத்துட்டு வந்துட்டோம். ஒரு வாரம் கழிச்சு மறுபடி நீட்டினோம். ரெண்டு நிமிஷம் அசையலை. சட்டுனு ஒரு பாய்ச்சல்!

பையன் வாயைப் பொத்திக்கிட்டு குதிச்சான். தங்கமணி கதவோரமா நின்னு எட்டிப் பார்த்தாங்க (இதுதான் நிஜமான அதிசயம்).

காத்திருக்கிறது வேற, சும்மா இருக்கிறது வேற. வாராவாரம் எடை போடுங்க. பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலோ, மூச்சுல சத்தம் வந்தாலோ, வாயில சளியோ சீழோ தெரிஞ்சாலோ அன்னைக்கே மருத்துவர். குட்டிப் பாம்பா இருந்தா இன்னும் சீக்கிரம், அதுக்குக் கையிருப்பு கம்மி. இது எதுவுமே இல்லைன்னா கூண்டைச் சரி பண்ணுங்க, கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

கத்தத் தெரியாது, அழத் தெரியாது, உருண்டைக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு சாப்பிட மாட்டேங்கறதுதான். அந்த வாயையும் நெம்பித் திறந்து திணிச்சுட்டா, குளிருதுன்னு அது வேற எப்படித்தான் சொல்லும்?

'நான் திணிச்சேன், பொழைச்சுக்கிச்சே'ன்னு பின்னூட்டம் போடப்போற அனுபவஸ்தர்களுக்கு: போடுங்க. அப்படியே அன்னைக்கு உங்க கூண்டுல சூடு எத்தனை டிகிரின்னும் எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.

டிஸ்கி: உருண்டை இப்ப 900 கிராமைத் தாண்டியாச்சு. முதுகுல தழும்பு மட்டும் இருக்கு. பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.