பனிமலையில் சித்திரை வெயில்

"தம்பி, நன்றாக வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து மலைக்குப் போனால் பயமில்லை அல்லவா?" என்று சித்தூரில் இருக்கும் என் தமக்கை சென்ற வாரம் கேட்டாள். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிக்கிம் சென்று, பிள்ளைகளுக்கு நாதுலா கணவாயில் பனியைக் காட்ட வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆவல். சென்னை வரை ஒரு வண்டி, அங்கிருந்து நியூ ஜல்பைகுரிக்கு மற்றொன்று, பிறகு மலைச்சாலை. டிக்கெட் விஷயத்தில் உடனே பதில் சொல்லிவிட்டேன். வெயில் விஷயத்தில்தான் தயங்க வேண்டியிருந்தது.

திருப்பதி, சித்தூர்வாசிகளான நமக்கு மலையின் அபாயம் என்றால் அது மழைதான். 2021 நவம்பரில் பெய்த பெருமழையை யார் மறப்பார்? அம்மழையில் ஊறிய மலையிலிருந்து டிசம்பர் 1-ஆம் தேதி விடியற்காலையில் பெரும் பாறைகள் பெயர்ந்து, திருமலைக்கு ஏறும் சாலையில் விழுந்தன. பனியின் குணமோ வேறு. அது வெயிலிலும் சரியும்.

பனி ஒரே நாளில் விழுந்த ஒரே பொருளன்று. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படுகையாக மலைமேல் அமர்கிறது. கீழ்ப்படுகை சில வேளை சீனியைப் போல உதிரியாகிவிடும். சாய்ந்த பலகையில் சீனியைத் தூவி, அதன்மேல் மூட்டை அடுக்கினால் என்ன ஆகும்? கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் பொல்லாதவை. புதுப்பனி பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அது கீழ்ப்படுகையோடு சரியாக ஒட்டியிராது. வசந்த காலத்திலோ உச்சி வெயில் மேற்பனியை உருக்க, அந்நீர் உள்ளே இறங்கிப் பிடிப்பைத் தளர்த்துகிறது. நீல வானத்தைக் கண்டு நாம் புகைப்படத்துக்கு நிற்கும் வேளையும் அதுவே.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நண்பகல் வேளையில், காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில், 15-ஆம் மைல் அருகே பனி சரிந்து உல்லாசப் பிரயாணிகள் எழுவர் மாண்டனர். அனுமதி 13-ஆம் மைல் வரைதான் என்றும், பலர் அதைத் தாண்டிச் சென்றனர் என்றும் அதிகாரிகள் கூறினர்.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்களைப் பனி மூடியது. வேலூர், கிருஷ்ணகிரி, தேனி, மதுரை வீடுகளில் அழுகுரல் எழுந்தது. கர்நூலிலும் ஒரு வீட்டில். ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி காலமானார். அவர் ஆறு நாள் பிழைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கீழிருந்து உதவி வந்து சேரும்வரை காத்திருக்க இயலாது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும். அவ்வீரர்களுக்கு அங்கே நிற்பது கடமை. நமக்கு வெறும் வேடிக்கை.

ஆகவே தமக்கைக்கு எழுதிக் கொடுத்தேன்: முந்தின இரண்டு நாட்களில் பனி பெய்ததா என்று காங்டாக்கிலேயே விசாரிக்கவும். விடியலில் புறப்பட்டு, உச்சிவேளைக்குமுன் இறங்கிவிடவும். செங்குத்தான பனிச்சரிவின் அடியில் பிள்ளைகளை விளையாட விடவேண்டாம். மேலிருந்து சிறு பனி உருண்டைகள் உருண்டு வந்தாலோ, பனியில் வெடிப்பு ஓடினாலோ, காலடியில் 'தொம்' என்ற சத்தம் கேட்டாலோ உடனே அகலவும்.

அத்தான் அதை வாசித்துவிட்டு, "கொஞ்சம் பணம் கொடுத்தால் டிரைவர் இன்னும் இரண்டு மைல் கூட்டிப் போவாராமே?" என்றார்.

"13-க்கும் 15-க்கும் இடையே உள்ளது அந்த இரண்டு மைல்தான், அத்தான்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மே 3-ஆம் தேதிக்கு டிக்கெட் பதிவாகியிருக்கிறது.