பெண்ணுக்கு மட்டும் பாதித் தூரமா?

ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி ஆண்களுக்கு 1900-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு எப்போது தெரியுமா? 1976-ல்தான்! அதுவும் ஆண்களுக்கு 2,000 மீட்டர் என்றால், பெண்களுக்கு 1,000 மீட்டர். 'பொம்பளை உடம்புக்கு இது போதும்' என்பது போல ஒரு கணக்கு. 1984 வரை அப்படித்தான் நடந்தது.

அந்த 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸில், ருமேனியாவின் எலிசபெட்டா லிப்பா இருவர் படகில் தங்கம் வாங்கினார். வயது 19. அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் 2,000 மீட்டர் வந்தது. அம்மணி அசரவில்லையே! 1988-ல் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். 1992-ல் தனி ஆளாக ஓட்டித் தங்கம், இருவர் படகில் வெள்ளி. 1996, 2000, 2004 மூன்றிலும் எட்டுப் பேர் படகில் தங்கம். கடைசித் தங்கத்தின்போது வயது 39! ஆக, ஆறு ஒலிம்பிக்கில் எட்டுப் பதக்கம்.

நம் நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பிரதிமா புகானும் பிரமிளா பிரவா மின்ஸும் இருவர் படகில் வெண்கலம் வாங்கினார்கள்.

'டாக்டர், மழை பெய்தால்தான் நம்ம கண்மாயில் தண்ணீர். இங்கே எங்கே படகு ஓட்ட?' என்கிறீர்களா? படகு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடித்தவர்களைக் கேளுங்கள். வெறும் கையால் இழுத்தால் தேர் நகராது. காலை ஊன்ற வேண்டும். துடுப்பும் அப்படித்தான். கால், இடுப்பு, முதுகு என்று மொத்த உடம்பும் உழைக்கிறது. அந்த உழைப்பைத்தான் நம் வீட்டுப் பெண்களிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

பாருங்களேன்... பெண் பெரியவள் ஆனதும் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொடுக்கிறோம். இடுப்பு எலும்புக்கு வலு என்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் அதே வாரத்தில், 'இனிமே ஓட்டம், ஆட்டமெல்லாம் வேண்டாம்' என்று உட்கார வைத்துவிடுகிறோமே, இது என்ன நியாயம்? எலும்பு வலுப்பெறும் முக்கியமான வயதே அதுதான். ஓடணும், குதிக்கணும். சத்தும் உழைப்பும் சேர்ந்தால்தான் எலும்பு உறுதியாகும். களி மட்டும் கொடுத்தால் பாதி மருந்துதான்!

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கும் நான் ராஜபாளையம் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: 'முப்பத்தஞ்சு வயசாச்சு, இனிமே என்ன டாக்டர்?' முழங்கால் வலிக்கு எண்ணெய் கேட்பார்கள். எண்ணெய் தருகிறேன். கூடவே நடையும் வேண்டும் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. வீட்டு வேலை செய்கிறோமே என்பார்கள். அது உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்க நடப்பதற்கு அது ஈடாகாது.

மாதவிலக்கு நாளில் விளையாடலாமா? உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக. சீக்கிரம் களைப்பு, மூச்சிரைப்பு இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் சாப்பாடு போதவில்லை என்று இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு போடுங்கள்.

பெற்றோர்களே, பையனை மைதானத்துக்கு அனுப்பும்போது அவன் தங்கையையும் அனுப்புங்கள். தாய்மார்களே, நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பாதித் தூரம் போதும் என்ற கணக்கை ஒலிம்பிக்காரர்களே எப்போதோ மாற்றிவிட்டார்கள். நம் வீட்டில் மட்டும் இன்னும் ஏன் வைத்திருக்கணும்?